மூளை உயிராமோ?

நாஞ்சில் நாட்டிலும் அதனையடுத்த கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும் வர்மம் என்னும் மருத்துவ மரபொன்று தொன்றுதொட்டு வழங்கி வருதலை அன்பர் பலரும் அறிவர். உடம்பிலுள்ள வர்மத் தானங்கள் 108 என்றும், அவற்றுள் தலைமுதற் கழுத்தீறாக உள்ளன 25 என்றும் ஆசான்மார் தொகுத்துரைப்பர். அடி ஓரிடத்தும் கேடு வேறிடத்தும் தோன்றும் என்பது அம்மரபின் முதற்பாடம். ஆதலின், தலையில் அடியுண்டு வீழ்ந்தானை நோக்குங்கால் காயத்தை மட்டும் பாராது மூச்சும் நாடியும் மலசலப் போக்கும் உடற்குளிர்ச்சியும் ஒருங்கே ஆராய்வர்.

இன்று அத்தகையாரை ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். ஆங்குக் கற்பிக்கப்படும் மருத்துவமும் அம்முதற்பாடத்தை வேறு நெறியால் நிறுவுவதாகும். மண்டையோடு விரிய இடமில்லாத பேழை. அடியால் மூளை வீங்கினும், குருதி கசிந்து தேங்கினும், உள்ளழுத்தம் ஏறும். அப்போது குருதியழுத்தம் உயர்ந்து, நாடி மந்தமாகி, மூச்சு ஒழுங்கு கெடும். இதனை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங்கு என்பாரே, மூளை நோயுற்றார்க்கு இரைப்பையிற் புண் உண்டாதலை 1932 இல் விரித்தெழுதினார். அவர்க்கு முன்னரே 1849 இல் பிரான்சு நாட்டுக் கிளாடு பெர்னார்டு, முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியாற் குத்த, அதன் சிறுநீரிற் சர்க்கரை தோன்றியது. தலையடியால் நரம்புகள் மிகைபடக் கிளருங்கால் அட்ரினலின் முதலிய சுரப்புக்கள் குருதியிற் பெருகி, நோயற்ற இதயத்தின் தசையையும் அயரச் செய்யும். மார்பில் ஓரடியும் படாதிருக்க நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பிட்யூட்டரிச் சுரப்பி ஊறுபடின், சிறுநீரகம் குற்றமற்றிருந்தும் நீர் தங்காது கழியும். நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றுதலின், தலையடிக்குத் தப்பினவன் நுரையீரற் சுரத்தால் இறத்தலும் உண்டு.

ஈண்டு உலகாயதன் எழுந்து, ‘மூளை கெட அனைத்துங் கெடுதலின் மூளையே உயிர், அதனின் வேறாய் ஆன்மா வேண்டா’ என்பான். அற்றன்று. நுரையீரலில் நீர் கோத்தவழி, உயிர்வளி குறைந்த குருதியால் மூளை மீண்டும் ஊறுபடுகின்றது. கல்லீரல் பழுதுற்றார் அறிவு மயங்கிக் கிடத்தலையுங் காண்கின்றோம். ஒன்று கெட மற்றொன்று கெடுதலே தலைமைக்குச் சான்றாமாயின் கல்லீரலும் உயிரெனப்படல் வேண்டும். கருவிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பதே இதனாற் பெறப்படும். கருவிகளை உடையான் யார் என்னும் வினா அப்படியே நிற்கின்றது.

நம்மவருட் சிலர் இவ்விடத்து, ‘ஆன்மாவை எவ்வடியுந் தீண்டாது’ என்று வீரம் பேசுவர். அது சாங்கியன் கட்சியேயன்றி நம் கட்சியன்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. கருவி கெட்டவழி அதன் அறிவு விளங்காது என்பதே சித்தாந்தம். சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் அமைச்சரொடு கூடிய அரசனை உவமை காட்டியதும் இதுபற்றியே. அமைச்சர் மாண்டவழி ஆணை ஊர்களுக்குச் செல்லாது; ஊர்கள் சீரழியும். அதுகொண்டு அமைச்சரே அரசர் என்பார் இலர்.

இதுவரை கூறியது எளிது. இடர்ப்பாடு இனித்தான் உள்ளது. மூளைத்தண்டு முற்றும் இறந்தவன் செயற்கைச் சுவாசக் கருவியாற் கிடக்கின்றான். மார்பு ஏறி இறங்குகின்றது, இதயம் துடிக்கின்றது, உடம்பிற் சூடுண்டு. உறவினர் இவ்வுடம்பின் உறுப்புக்களைப் பிறர்க்கு ஈதல் கொலையாமோ?

மூச்சு உயிரன்று என்பது மூன்றாஞ் சூத்திரத்தாற் பெறப்படுவது. உறங்குவான்மாட்டு மூச்சு இயங்கியும் நுகர்ச்சியும் வினையும் இன்மை ஆண்டுக் காட்டப்பட்டது. ஆயினும் இவ்வளவில் அமைதல் கூடாது. உறங்குவான்மாட்டு உயிர் உண்டன்றோ? செயலின்மை ஒன்றே உயிரின்மைக்குச் சான்றாகாது. ஆதலின், நினைவிழந்தும் தானே மூச்சுவிடுவான் அவத்தையில் நிற்பவனே. அவனைக் கைவிடல் எவ்வாற்றானும் ஆகாது. மூளைத்தண்டு இறந்தானிடத்தோ, கருவியை நீக்கி நோக்கினால் மூச்சு எழுவதில்லை. அதுகாறும் இயங்கியது புறத்திருந்து புகுத்திய காற்று. இதயமும் தன் தசைக்கண் உள்ள தனியமைப்பால் சிறிது காலம் தானே துடிக்கவல்லது. ‘துரியாதீதத்திற் பிராணனும் ஒடுங்குமே’ எனின், அவத்தை என்பது இறங்கினவன் மீள ஏறுதற்குரியது, மீளாதது அவத்தையன்று. அம்மீளாமையைத் துணிதற்கே 1994 ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவர் நால்வர் கொண்ட குழு ஆறுமணி நேரம் இடையிட்டு இருமுறை ஆய்தலை விதித்தது.

பாடல்பெற்ற தலமாகிய திருக்கழுக்குன்றத்தைச் சார்ந்த மருத்துவத் தம்பதியர், 2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை இறந்த தம் மைந்தன் ஹிதேந்திரனின் உறுப்புக்களை ஈந்தனர். அவன் இதயம் சென்னையில் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. இவ்வாறு ஈந்தாரது இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நிகழும் எனத் தமிழ்நாட்டரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது.

கண்ணைக் கொடுத்தவன் மறுபிறப்பிற் குருடனாவான் என்று அஞ்சுவார் இன்னும் உளர். உயிரொடு செல்வது சூக்கும உடம்பு; பருவுடம்போ பூதங்களிற் சேர்வது. எரியூட்டப்பட்டாருள் ஒருவரும் கண்ணைக் கொண்டு சென்றாரல்லர்.

ஆயினும், ஈய மனமிசையாத தாயைப் பழித்தல் தகாது. தொட்டால் சூடுள்ள மகனை ‘இறந்தான்’ எனக் கேட்ட செவி அச்சொல்லை ஏற்பதற்குச் சில நாழிகை செல்லும். அத்துணைக் காலம் மருத்துவர் காத்திருத்தல் கூடும்; நெடிது காத்தல் இயலாது. ஏனெனில், மூளை இறந்த உடம்பில் குருதியழுத்தம் வீழவும் நீர் கட்டின்றிக் கழியவும், இதயமும் சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளரத் தொடங்கும்.