கடைசி ஊரை எட்டும் மருந்து

ஒரு மருந்தைக் கண்டறிவது அறிவின் செயல். அதைத் தேவைப்படுவோர் கையில் சேர்ப்பது நீதியின் செயல். இவ்விரண்டிற்கும் இடையே எத்துணைக் காலம் கழியலாம்? ஹெப்பாடைட்டிஸ் 'பி' நோய்க்கான தடுப்பூசி 1981-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசிகள் கிடைக்கச் செய்யும் 'காவி' என்னும் கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டில் தோன்றிய பின்னரே, அந்நாடுகள் பலவற்றின் குழந்தைகளுக்கு அது கிட்டியது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

கோடிக்கணக்கில் செலவிட்டவர்கள் அதை விலையில் மீட்பது தவறா என்று சிலர் வினவக்கூடும். நேர்மையான வினாவே அது. உழைப்புக்கும் முதலுக்கும் உரிய பயன் வேண்டும். ஆயினும் விலையை முதலில் முடிவுசெய்து, வாங்க இயலாதோரை வரிசையின் இறுதியில் நிறுத்துவது மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதரே மாற்றவும் கூடும். ஆப்பிரிக்காவில் அது நிகழ்ந்தது.

செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரை விரிந்த நிலப்பகுதியை 'மூளைக்காய்ச்சல் பட்டை' என்பர். 1996-97-இல் அங்குப் பரவிய கொள்ளைநோய் ஏறத்தாழ 25,000 உயிர்களைப் பறித்தது. 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் 'பாத்' என்னும் அமைப்பும் இணைந்து அந்நோயின் 'ஏ' வகைக்கெனத் தடுப்பூசி உருவாக்க முனைந்தன. ஊசி ஒன்றுக்கு 50 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் தங்களால் இயலாது என்று ஆப்பிரிக்க நலவாழ்வுத் துறையினர் தெரிவித்தனர். அவ்விலைக்குப் பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் கண்ட நுட்பம் புனே நகரின் சீரம் நிறுவனத்துக்குக் கற்பிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் புர்கினா பாசோவில் அம்மருந்து முதன்முதலாகப் பெருந்திரளாக வழங்கப்பட்டது. 2017-க்குப் பின் அப்பட்டையில் 'ஏ' வகை நோய் ஒருவருக்கும் உறுதிசெய்யப்படவில்லை. ஏழையின் பணப்பையை முதலில் எண்ணிப் பார்த்து, அதன் பின்னரே மருந்து செய்யப் புகுந்தமையால் விளைந்த நன்மை இது.

விலை இறங்கினாலும் வழி எஞ்சியிருக்கிறது. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க வேண்டும். மின்சாரமில்லாத ஊர்களுக்குச் செல்லும் பணியாளர் பனிக்கட்டியையும் சுமந்தே நடக்க வேண்டும். புதிய தடுப்பூசி ஒன்று சேரும்போதெல்லாம் குளிர்ப்பெட்டியில் இடம் குறைகிறது. இம்மருந்து 40 டிகிரி வரையிலான வெப்பத்திலும் நான்கு நாள்கள் தாங்கும் என்பது சோதிக்கப்பட்டு 2012-இல் ஏற்கப்பட்டது. அவ்வாண்டே பெனின் நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்முறையில் ஊசி பெற்றனர். அத்தாங்கும் திறன் மருந்துக்குள் முன்னரே இருந்தது. கடைசி ஊரை மனத்தில் கொண்டு ஒருவர் கேட்கும்வரை அது பயன்படவில்லை. கேட்காமல் விட்டதற்கு எவரும் தண்டிக்கப்படுவதில்லை. எனினும் அதன் விலையை யாரோ செலுத்துகின்றனர்.

இது நம்மையும் தொடுகிறது. 2021-இல் நம் நாட்டில் கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்தபோது, தடுப்பூசி ஏற்றுமதி தடைப்பட்டது. அவற்றை நம்பியிருந்த ஏழை நாடுகள் பல மாதங்கள் காத்திருந்தன. பற்றாக்குறையில் தன் பிள்ளைக்கு முதலில் ஊட்டும் தாயைக் குறைகூற எவருக்கு மனம் வரும்? ஆனால் பல ஊர்கள் ஒரே கிணற்றை நம்பியிருக்கும்போது, கோடையில் யாருக்கு முதல் குடம் என்ற வினாவுக்கு நல்ல விடை கிடைப்பதில்லை. மழை பெய்யும் காலத்திலேயே வேறு கிணறுகளைத் தோண்டியிருக்க வேண்டும். ஆப்பிரிக்கர் தம் மண்ணிலேயே தடுப்பூசி செய்யக் கற்பிப்பது அத்தகைய கிணறு.

புனேயில் கற்றுக்கொண்டதால் நாம் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தோம். கற்றதைக் கற்பிக்கவும் நாம் ஆயத்தமா? நம் மனச்சான்று விடையளிக்கட்டும்.