நூல் தெரிதல்

குழந்தை உண்ணும் உணவைத் தாயும், மாணாக்கன் பயிலும் நூலை உபாத்தியாயரும் தெரிந்து கொடுக்கின்றனர். தமக்குத் தக்கது இதுவென அறியமாட்டாதவர்க்காகப் பிறர் தெரியுமிடத்து, அச்செயல் தொழிலளவில் நில்லாது அறமாய்விடுகின்றது. இலங்கையிலே அரசினர் வழங்கும் பாடநூல் யாவர்க்கும் பொதுவாகும். அதற்குத் துணையாகப் படிப்பிக்கும் நூலையும், வித்தியாசாலைப் புத்தகசாலைக்கு வாங்கும் நூலையும் தெரிபவர் உபாத்தியாயரே. அவற்றை எவ்வளவைகொண்டு தெரிவது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நூலாசிரியரது சமயம் அளவையாகுமோவெனின், இலக்கண விஞ்ஞான கணித நூல்களில் ஆகாது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அதற்கு விருத்தியுரை கண்ட சங்கரநமச்சிவாயரும், அவ்வுரையைத் திருத்திய சிவஞான முனிவரும் சைவர். மானிப்பாயிலே வைத்தியம் புரிந்த அமெரிக்க மிசனைச் சார்ந்த சாமுவேல் கிறீன் (1822–1884), மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணாக்கர்க்குக் கற்பித்தார். எலும்பின் இயல்பு கூறும் நூல் உடலோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்படுவதன்றி, அதனை எழுதினவரது வழிபாட்டோடு ஒப்பிட்டன்று. நாமும் மிசன் வித்தியாசாலையிற் பயின்றேம். அங்குக் கற்ற கணிதம் நம்மைத் திருநீற்றினின்றும் பிரித்ததில்லை.

எனின், ஏற்ற அளவை யாது? நூலின் வயதை நோக்குக. மூன்று துறைகளில் அது மூன்று வகையாய்ப் பயன்படுதலைக் காணலாம்.

இலக்கியத்தில் மூலமே முதன்மையுடையது. பழைமையால் மூலம் கெடுவதில்லை. படியெடுப்போர் பிழையாற் கெடும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகளை ஒப்புநோக்கி உழைத்தது இதுபற்றியே. ஆதலால் திருந்திய பதிப்பையும் நல்லுரையையும் தேர்க. கதைச்சுருக்கத்தை மூலத்தின் இடத்தில் வையற்க.

விஞ்ஞானத்திலோ பழைமை குற்றமாதல் கூடும். 2006 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் கோளென்பதற்கு வரையறை செய்து, புளூட்டோவைக் குறுங்கோளென வேறு வகுத்தது. அதற்கு முன் அச்சிட்ட நூல் கோள்கள் ஒன்பதென்னும்; பின்னர் அச்சிட்டது எட்டென்னும். ஆகவே அச்சிட்ட ஆண்டை முதலில் நோக்குக. அதனினும் சிறந்தது, இம்முடிபு எவ்வாறு பெறப்பட்டது என்று கூறும் நூலைத் தேர்தல். அத்தகைய நூலைக் கற்றவன், நாளை முடிபு திருந்தினும் கலங்கான்.

கணிதத்திற் பழைமை நன்மையுமன்று, தீமையுமன்று. முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்கிளிட்டு நிறுவியது இன்றும் திருத்தம் வேண்டாது நிற்கின்றது. ஈண்டு நோக்கற்பாலன நிறுவலும் பயிற்சியின் படிமுறையுமாம். இராமானுசர் இளமையிற் பயின்ற கார் என்பாரது தொகுப்பிலே ஏறத்தாழ 5000 முடிபுகள் இருந்தன. நிறுவல்களோ மிகச் சுருங்கியிருந்தன. அம்மேதை அவற்றைத் தாமே நிறுவிக்கொண்டார். அவர்க்கு உதவியது நம் வகுப்பு மாணாக்கர் யாவர்க்கும் உதவுமென்று கொள்ளற்க.

இனி, நம்மவர் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்வாம். புராணப் பொருளை விஞ்ஞானமென்று புனைந்து, ஆகாயவிமானமும் அணுவாற்றலும் நம் முன்னோர் அறிந்தனவே என்று எழுதும் நூல்கள் சிலவுள. சமயப்பற்றுடையோர் அவற்றை விரும்பி வாங்குவர். பிறசமயத்தார் விஞ்ஞானத்தினிடையே தம் சமயத்தை நுழைப்பின் வெகுள்கின்ற நாம், நம்மவர் அதனையே செய்யுங்கால் மகிழ்வது நடுவுநிலைமையாகாது. அன்றியும், இளமையில் அதனை நம்பிய மாணாக்கன் வளர்ந்தபின் அது பொய்யெனக் கண்டால், அதனோடு சேர்த்துக் கற்பித்த திருமுறையையும் ஐயுறுவான். சமயத்தைக் காக்கவெண்ணிச் செய்தது சமயத்துக்கே கேடாய் முடியும். புராணம் அன்பையும் ஒழுக்கத்தையும் வளர்த்தற்பொருட்டுக் கற்பிக்கப்படுக. அதற்கு வேறொரு சான்றிதழ் வேண்டா.

பரீட்சைக்கு வரும் வினாக்களை மாத்திரம் தொகுத்த சிறு புத்தகங்களும் மலிந்துள்ளன. பயிற்சிக்கு அவை ஓரளவு உதவும். அவையே கல்வியாயின், வினா சிறிது மாறியவழி மாணாக்கன் திகைப்பான்.

ஆதலால் அன்பர்களே, புத்தகசாலைக்கு ஒரு நூலை வாங்குமுன், “இதனைக் கற்றவன் நம் சொல்லைத்தானும் சோதித்தறிய வல்லனாவானா?” என்று நம்மை நாமே வினவுவோமாக. ஆமென்று விடை தருவதனை அட்டையிலே யார் பெயர் இருப்பினும் வாங்குக. அன்றென்று விடை தருவதனை நம்மவர் பெயரே இருப்பினும் விடுக.