நோயும் தீர்ப்பும்

உடலில் நோய் தோன்றியதும் மனிதனின் உள்ளத்தில் எழும் முதல் கேள்வி, 'எனக்கு ஏன் இது வந்தது?' என்பது. அருகில் இருப்போரின் உள்ளத்திலோ வேறொரு கேள்வி எழுகிறது: 'இவர் என்ன செய்தாரோ?' முதலாவது துன்பத்தின் குரல். இரண்டாவது தீர்ப்பின் குரல். பிறருடைய நோய்க்குக் காரணம் கற்பிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டா? வெளியே தெரியாத, எளிதில் விளங்காத நோய்களில் இந்தக் கேள்வி மேலும் கூர்மை அடைகிறது. குரோன் நோய் அத்தகையது.

1932-ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், தம் சகாக்கள் இருவருடன் இந்நோயை விவரித்து எழுதினார். ஸ்காட்லாந்தின் அறுவை மருத்துவர் டால்சியல் 1913-லேயே இதை ஒத்த நிலையைக் குறித்திருந்தார். வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எந்தப் பகுதியிலும் இது வரலாம். சிறுகுடலின் கடைப்பகுதியில் மிகுதியாகக் காணப்படுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி பிறழ்ந்து குடலைப் புண்ணாக்குகிறது. வயிற்றுவலி, பேதி, காய்ச்சல், உடல் மெலிவு, ஓய்வெடுத்தும் நீங்காத சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். சில காலம் அடங்கியிருக்கும். பின்னர் திடீரெனத் தலைதூக்கும். அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு; அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. குடல் காசநோயும் இதுவும் பெரிதும் ஒத்திருப்பதால், இந்தியாவில் நோயை உறுதி செய்வதற்கே பல மாதங்கள் ஆவதுண்டு.

இந்நோயுடன் ஒருவர் சமூகத்தில் எவ்வாறு வாழ்கிறார்? தமிழகமும் கேரளமும் சந்திக்கும் பனச்சமூட்டையும், அதை அடுத்த பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பகுதிகளையும் எண்ணிப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. எனினும் மக்களின் மொழியும் உறவும் வழிபாடும் அந்த எல்லைக்கோட்டில் நின்றுவிடவில்லை. மகாசிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலத்தில் நிறைவுறும் சிவாலய ஓட்டம் இப்பகுதியின் பெருமை. விரதமிருந்து, காவி உடுத்து, கையில் விசிறியுடன் பக்தர்கள் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறார்கள்.

ஆண்டுதோறும் ஓடி வந்த இளைஞர் ஒருவருக்குக் குரோன் நோய் வந்ததாகக் கொள்ளலாம். விரதம் இருக்க அவரது உடல் இடம் தராது. கழிப்பறை எங்கே என்று அறியாத பாதையில் அவரால் செல்ல முடியாது. பார்ப்பவர் கண்ணுக்கோ அவருக்குக் கையும் காலும் நன்றாக இருக்கின்றன. 'பக்தி குறைந்துவிட்டது' என்பார் ஒருவர். 'கண்டதையும் தின்றதன் பலன்' என்பார் இன்னொருவர். 'வீண் கவலைதான் நோயாகிவிட்டது' என்பார் மூன்றாமவர். 'எல்லாம் பூர்வ ஜன்ம வினை' என்று முடித்து வைப்பார் நான்காமவர். உறவினர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கை வேண்டாம் என்றால் அதுவும் அவமதிப்பாகிவிடும். குடல் வலியைவிட இச்சொற்களின் வலி கொடிதாகும்போது அவர் நோயை மறைக்கத் தொடங்குவார். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். இவ்வாறு தீர்ப்புச் சொல் ஒன்று உடலுக்கே தீங்காகிறது.

காரணம் கற்பிப்பதில் மனிதர் எவ்வளவு அவசரக்காரர் என்பதற்கு வரலாறு சான்று. வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியது. 1982-ல் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதன் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டறிந்தனர். 2005-ல் நோபல் பரிசும் பெற்றனர். அதுவரை எத்தனையோ நோயாளிகள் தங்கள் சுபாவத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டார்கள்! குரோன் நோயில் பரம்பரை, எதிர்ப்பாற்றல், குடல்வாழ் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல் எனப் பல இழைகள் பின்னிக் கிடக்கின்றன. புகைப்பழக்கம் இந்நோயைத் தீவிரப்படுத்தும் என்பது உண்மை. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத உணவு அவருக்குத் தொல்லை தரும் என்பதும் உண்மை. அவற்றை விலக்குவது விவேகம். ஆனால் விலக்க வேண்டியதை அறிவது வேறு. நோயாளியைக் குற்றவாளி ஆக்குவது வேறு.

'கர்ம நியதி பொய்யா?' என்று சாதகர் கேட்கலாம். நியதியை ஏற்பது வேறு. கணக்கை அறிந்ததாகப் பேசுவது வேறு. மழை கடலிலிருந்து வந்தது என்பதை அனைவரும் அறிவர். இந்தத் துளி எந்த அலையிலிருந்து எழுந்தது என்பதை யாரால் கூற இயலும்? உடலின் வேதனைகள் யாவும் முன்வினையால்தானா என்று மோலிய சீவகர் என்ற துறவி கேட்டபோது, புத்தர் அதை ஏற்கவில்லை. பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் முதலிய எட்டுக் காரணங்களைக் கூறி, வினைப்பயனை அவற்றில் ஒன்றாக மட்டுமே வைத்தார். மேலும், நோயே குற்றத்தின் சான்று என்றால் மகான்களின் நோயை எவ்வாறு விளக்குவது? நெய்யாற்றங்கரைக்கு அருகில் அருவிப்புறத்தில் 1888-ல் சிவபிரதிஷ்டை செய்த ஸ்ரீநாராயண குரு, இறுதிக் காலத்தில் நோயுற்று 1928-ல் சமாதி அடைந்தார். ரமண மகரிஷி கையில் தோன்றிய புற்றுநோயால் 1950-ல் உடல் நீத்தார். அவர்களிடம் யாரும் குற்றம் தேடுவதில்லை. மகானுக்குத் தரும் மரியாதையை அண்டை வீட்டாருக்கு மறுப்பது எந்த நியாயம்?

பிறர் துன்பம் அவரது பிராரப்தமாகவே இருக்கட்டும். அதைக் கண்டபின் கண்டவர் என்ன செய்கிறார் என்பது அவருடைய கர்மம். கர்மக் கோட்பாடு தன்னைச் சோதிக்கத் தரப்பட்ட உரைகல். பிறர்மேல் எறியத் தரப்பட்ட கல் அன்று.

நோயுற்றவருக்கும் ஒரு தர்மம் உண்டு. திதிட்சை என்றால் புலம்பாமல் பொறுத்தல். மருந்தை மறுத்தல் அன்று. நோய் அடங்கியிருக்கும் நாட்களில் 'குணமாகிவிட்டது' என்று மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது ஆபத்து. வழிபாடு மருந்துக்கு மாற்றாகாது. விரதம் இருக்க இயலாதவருக்கு, வேளை தவறாமல் மருந்து உண்பதே விரதம். ஓட இயலாதவருக்கு, வீட்டில் அமர்ந்து சொல்லும் நாமமே ஓட்டம். நாளை உடல் எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில், இன்று இயன்றதை அமைதியாகச் செய்வது சாதாரண சாதனை அன்று.

அருகில் இருப்போர் செய்யத்தக்கது எளியது. காரணம் கேட்பதை விட்டு, 'இன்று எது ஒத்துக்கொள்ளும்?' என்று கேட்கலாம். மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லலாம். உண்ணாமல் எழுந்தால் வருந்தாமல் விடைகொடுக்கலாம். தீர்ப்பு அடங்கிய இடத்தில்தான் கருணை பேசத் தொடங்கும்.