கூலியைப் பேசிவிட்டு வேலைக்கு வையுங்கள்!

தொழுகையில் ஒரு ரக்அத் கூடியதா, குறைந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டால் நாம் பதறிப்போகிறோம். ஆலிம்களைத் தேடிச் சென்று மஸ்அலா கேட்கிறோம். ஆனால், கடைக்கு ஓர் ஆளை வேலைக்கு வைக்கும்போது யாரிடமாவது மஸ்அலா கேட்கிறோமா? கொடுக்கல் வாங்கலும் தீனில் ஒரு பகுதிதான் என்பது அந்த நேரத்தில் நம் நினைவுக்கு வருவதில்லை.

நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து ஏழைப் பையன் ஒருவன் வருகிறான். தூரத்து உறவாகவும் இருப்பான். "நம்ம புள்ளதானே, வந்து சேரட்டும், சம்பளத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்கிறோம். மாமாவிடம் போய்ச் சம்பளம் பேசுவதா என்று பெற்றவரும் வாய் திறப்பதில்லை. மாதம் பிறந்தால் முதலாளி கொடுத்ததுதான் சம்பளம். பெருநாளைக்கு எடுத்துக் கொடுத்த சட்டையும் பற்றில் ஏறிவிடுகிறது. சில வருஷங்கள் கழித்து, "இவனை ஆளாக்கியது நான்" என்று முதலாளியும், "என் உழைப்புக்குக் கூலி வரவில்லை" என்று பையனும் ஜமாஅத்தின் முன் வந்து நிற்கிறார்கள். கூலி இன்னதென்று பேசவுமில்லை, எழுதவுமில்லை. தீர்ப்புச் சொல்ல எதை வைத்துச் சொல்வது?

திருமறையின் 28ஆம் அத்தியாயமான ஸூரத்துல் கஸஸில் இதற்கு நல்ல படிப்பினை இருக்கிறது. நபி மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்தபோது, அவர்களை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும்படி அங்கிருந்த பெரியவரிடம் அவருடைய மகள் யோசனை சொல்கிறார். வேலைக்கு வைக்கத் தகுந்தவருக்கு அவர் சொன்ன அடையாளங்கள் இரண்டு: ஒன்று வலிமை, மற்றொன்று நாணயம். அந்தப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை மருமகனாக்கிக்கொள்ள விரும்பியவர். அப்படியிருந்தும் தவணையைப் பேசாமல் விடவில்லை. 8 ஆண்டுகள் வேலை. 10 ஆண்டுகளாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்று கருத்துப்பட விளக்கமாகச் சொன்னார். மூஸா (அலை) அவர்களும் ஒப்புக்கொண்டு அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். மருமகனாகப் போகிறவரிடமே பேசி முடித்தார்கள். தூரத்து உறவுப் பையனிடம் பேச நாம் கூச்சப்படுகிறோம்!

வேலை இன்னது, கூலி இவ்வளவு என்பது இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். கடனை எழுதி வைக்கும்படி ஸூரத்துல் பகரா கட்டளையிடுகிறது. மாதாமாதம் நம்மீது ஏறும் சம்பளமும் கடன்தானே! ஆகவே, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வதே பேணுதலாகும்.

வேலைக்கு வருபவர் நம் மார்க்கத்தவரா என்ற பேதமும் இதில் இல்லை. 622இல் ஹிஜ்ரத் சென்றபோது கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தியவர், அப்போது இஸ்லாத்தில் சேராத ஒருவர். பாதை அறிந்தவர், நம்பிக்கையானவர். ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகைக்கு வரும்படி முன்பே பேசி வைத்தார்கள். நாளும் இடமும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன.

அதுபோல், முதல் நாளிலேயே புதியவரை அருகில் அழைத்து வேலையைக் காட்டிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரம், ஜும்ஆவுக்குப் போகும் நேரம், விடுமுறை எல்லாம் சொல்லிவிட வேண்டும். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் வந்து சொல்லும் முன் நாமே செய்திருக்க வேண்டிய காரியம் அல்லவா அது? அலட்சியம் ஏதுமின்றி உடைந்துபோன பொருளுக்காகச் சம்பளத்தில் பிடிப்பதும் கூடாது. சிப்பந்தி அமானிதக்காரர்தானே தவிர, நஷ்டத்துக்கு ஜாமீன்தாரர் அல்லர்.

அடுத்தது சம்பளப் பதிவேடு. 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி உண்டு. 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. புதியவரின் பெயரை இவற்றில் பதிந்து, அவர் பங்கைப் பிடித்து, நம் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதம், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதம். பிடித்த பணத்தைக் கட்டாமல் வியாபாரத்தில் புரட்டுகிறவர்கள் உண்டு. சகோதரர்களே! அது அமானித மோசடி. அவருடைய முதுமைக்கும் நோய்க்கும் உரிய பணத்தை நாம் விழுங்குகிறோம்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொல்வது நபி (ஸல்) அவர்களின் போதனை. வேலையை முழுவதும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்குக் கியாமத்து நாளில் தானே எதிர்வாதியாக இருப்பதாக அல்லாஹ் அறிவித்திருப்பது புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. அந்த நீதிமன்றத்தில் நமக்காக வாதாட யார் வருவார்?

வேலைக்கு வருபவரும் மறந்துவிடக்கூடாது. பேசிய நேரம் முழுவதும் முதலாளியின் ஹக்கு. அதைத் திருடி வாங்கும் சம்பளத்தில் பரக்கத் இராது.

ஆகவே, இன்று கடை அடைக்கும் முன் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போம். சம்பளம் பேசாமல் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டுப் பேசி எழுதுவோம். நிலுவை இருந்தால் எண்ணிக் கொடுத்து ஹலாலாக்கிக்கொள்வோம். பிறர் ஹக்கு கலவாத ஹலாலான ரிஸ்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.