ஆராய்ச்சி மணியின் கயிறு

மனுநீதிச் சோழன் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை இருக்க முடியாது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். கதை சொல்லுகிறவர்கள் அரசனுடைய நீதியை வியப்பார்கள். பசுவின் துயரத்துக்காகக் கண் கலங்குவார்கள். மணியில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

எனக்கென்னவோ அந்தக் கயிறுதான் கதையின் உயிர் என்று தோன்றுகிறது. அது அரண்மனை வாயிலில் தொங்கியது. ஒரு பசுவின் கொம்புக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. அதையே கொலுமண்டபத்தின் உள்ளே, இளவரசனுடைய ஆசனத்துக்கு மேலே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சோழன் அதே நல்ல அரசனாகத்தான் இருந்திருப்பான். பசுவும் அழுதுகொண்டுதான் இருந்திருக்கும். அந்த அழுகை அரசன் காதை எட்டியே இராது. 'என் நாட்டில் குறை சொல்ல ஒருவரும் இல்லை' என்று அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

இந்தக் கயிற்றை நினைவில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த ஊர். சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளும் மற்ற ஆலைகளும் அதன் முகத்தையே மாற்றிவிட்டன. தமிழும் தெலுங்கும் கேட்ட தெருக்களில் இன்று இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. பிழைப்புத் தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுக்குப் பெயர் வேண்டாம். சூப்பர்வைசர் அவளிடம் சொல்லத் தகாததைச் சொல்லுகிறார். தொடத் தகாத முறையில் தொடுகிறார். அவள் முறையிடுகிறாள். அவரோ, 'அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை' என்கிறார். பார்த்தவர் யாரும் இல்லை.

இப்போது நடுவில் இருக்கும் மனிதர் என்ன செய்ய வேண்டும்? 'நான் யார் பக்கமும் இல்லை, நடுநிலைமையில் இருக்கிறேன்' என்று சொல்லுகிறார்களே, அந்த நடுநிலைமைதான் எது?

சட்டம் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறது. அந்த வழி எளிதில் வந்துவிடவில்லை. ராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்ற கிராமத் தொண்டர், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற காரணத்துக்காக 1992இல் கூட்டாகச் சீரழிக்கப்பட்டார். அந்தக் கொடுமையை முன்னிட்டுத் தொடுத்த விசாகா வழக்கில்தான், வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்தால் எப்படி விசாரிக்க வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை விதித்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே 1997இல்தான். நெறிமுறை சட்டமாவதற்கு இன்னும் 16 ஆண்டுகள் சென்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண்ணுக்கு, உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். 10 பேருக்குக் குறைந்த பட்டறைகளுக்கும், முதலாளியே குற்றம் சாட்டப்படும்போதும், மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு.

ஆக, மணி இருக்கிறது. கயிறு எங்கே தொங்குகிறது?

கும்மிடிப்பூண்டியில் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைப் பெண், மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ஒன்று வடக்கே செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. மற்றொன்று மேற்கே செல்லும் பாதையில். ரயிலில் போவதானால் சென்னைக்கு வந்துதான் மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். இந்தத் தொல்லையை எண்ணித்தான், தாலுகாதோறும் ஓர் அதிகாரி புகாரை வாங்கி ஏழு நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. அப்படி ஒருவர் உண்டு என்று அவளிடம் சொல்லுகிறவர் யார்?

தூரம் ஒன்று, மொழி இன்னொன்று. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். ஒடியா மட்டும் அறிந்தவள், அதுவும் எழுதத் தெரியாதவள், என்ன செய்வாள்? குழுவினரே எழுதிக் கொடுத்து உதவ வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. மூன்றாவது, 'நீ காண்ட்ராக்டர் ஆள், எங்கள் ஆள் இல்லை' என்ற பேச்சு. காண்ட்ராக்டில் வந்தவளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: பயம். புகார்ப் பெட்டியை யாரைப் பற்றிப் புகார் எழுத வேண்டுமோ அவருடைய மேஜைக்கு எதிரிலேயே மாட்டிவிட்டால், அதில் தூசிதான் விழும். 'எங்கள் ஆலையில் இத்தனை வருஷமாக ஒரு புகாரும் இல்லை' என்று பெருமை பேசும் நிர்வாகி, மணி அடிக்காததற்குக் காரணம் கயிறு அறுந்ததாகவும் இருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எப்படியோ புகார் வந்துவிட்டது. உடனே நம்முடைய பழமொழிகள் புறப்பட்டு வருகின்றன. 'ஒரு கை தட்டினால் ஓசை வருமா?' என்கிறார் ஒருவர். 'முள்ளில் சேலை பட்டாலும், சேலையில் முள் பட்டாலும், சேதம் சேலைக்குத்தானே அம்மா' என்று இரக்கத்தோடு புத்தி சொல்லுகிறார் இன்னொருவர். கேட்பதற்கு நயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முள்ளை வெட்ட வேண்டும் என்று அந்தப் பழமொழி சொல்லவே இல்லையே! சேலையைத்தான் சுருட்டிக்கொண்டு போகச் சொல்லுகிறது. இப்படிப் பேசுகிறவர்கள் தங்களை நடுநிலையாளர் என்றே நம்புகிறார்கள். 'இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்கிறார்கள். அந்தச் சூப்பர்வைசர் எதை விட்டுக்கொடுக்கிறார்? அவளோ மானத்தை விட்டுக்கொடுக்கிறாள்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை சொன்னார். துலாக்கோலின் பெருமை எதில் இருக்கிறது? ஒருபோதும் சாயாமல் இருப்பதிலா? எதை வைத்தாலும் சாயாத தராசைக் கடைக்காரன் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவான். வெறுந்தட்டோடு நிற்கும்போது சமமாக நிற்க வேண்டும். எடை ஏறியபின் எடைக்குத் தக்கபடி சாய வேண்டும். அதுதான் தராசு.

இன்னும் ஒன்று கவனித்திருப்பீர்கள். நேர்மையான வியாபாரி, நிறுப்பதற்கு முன் தராசைத் தூக்கிப் பார்ப்பான். ஒரு தட்டு தாழ்ந்திருந்தால், லேசான தட்டில் ஒரு சிறு கல்லை இட்டுச் சமன் செய்த பிறகே சாமானை வைப்பான். அந்தக் கல்லை யாரும் மோசடி என்று சொல்லுவதில்லை. ஆலையில் தராசு வெறுமனே நிற்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்துதான் இருக்கிறது. ஒருவர் லீவு கொடுக்கிறவர். மற்றவள் லீவு கேட்கிறவள். குழுவில் பாதிப் பெண்கள், வெளியார் ஒருவர், எழுதத் தெரியாதவளுக்கு உதவி, விசாரணை முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டால் இடமாற்றமோ மூன்று மாதம்வரை விடுப்போ, இவையெல்லாம் சமன் செய்யும் சிறு கற்கள். இவற்றை இட்ட பிறகுதான் நிறுக்கவே தொடங்க வேண்டும்.

ஆனால் சமன் செய்யும் கல்லையே எடைக்கல்லாகக் கொண்டுவிடக் கூடாது. இங்கேதான் நல்ல எண்ணம் படைத்தவர்களும் தடுமாறுகிறார்கள். 'பெண் சொன்னாள், போதும்' என்று கேள்வி முறையில்லாமல் ஒருவனுடைய பிழைப்பைப் பறிப்பதும் நீதி ஆகாது. நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வில்லனுடைய நெஞ்சுக்குள்ளும் ஒரு முறை புகுந்து பார்த்துவிட்டுத்தான் அவனைத் தண்டிப்பான். கோவலனை எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லன் புகார் சொன்னான். பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டான். பிறகு கண்ணகி அதே வாயிலுக்கு வந்து முறையிட்டபோது, விசாரிக்காத குற்றத்துக்கு அவன் உயிரையே கொடுக்க நேர்ந்தது. புகாரை நம்பி அவசரப்பட்ட பிழையும், புகாரைக் காது கொடுத்துக் கேட்ட பெருமையும் ஒரே அரசனுடைய கதையில் இருக்கின்றன.

அவசரம் குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் பாதிப்பதில்லை. கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் மாணவிகள் ஓர் ஆசிரியர்மீது புகார் கொடுத்தார்கள். குழு வேகவேகமாக விசாரித்தது. 2010இல் அவர் வேலை இழந்தார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், அவருக்குத் தம் பக்கத்தைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று கண்டு, அந்த முடிவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொல்லிவிட்டது. புகார் எழுந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த மாணவிகளுக்கும் அல்லவா இது தண்டனை? தீர விசாரிப்பது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாம் காட்டும் சலுகை அன்று. புகார் சொன்னவளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிரூபிக்க முடியாத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னதாகத் தெரிந்தால் தண்டனை உண்டு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அவளைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டமே பிரித்துச் சொல்லுகிறது. 'சாட்சி இல்லை' என்பதை 'நடக்கவில்லை' என்று படிக்கிறவர், தராசு எட்டாத எடையைச் சூன்யம் என்கிறார்.

கயிற்றைத் தாழக் கட்ட முடியுமா? முடியும் என்று காட்டிய இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அது பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயதுத் தலித் பெண் கொலையுண்டாள். ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். அதன்பின் பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் போராடி, ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகளோடும் 2022இல் செய்துகொண்டதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். அதன்படி, தொழிலாளப் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொல்ல ஆபீசுக்குப் படியேற வேண்டாம். பக்கத்து மெஷினில் இருக்கும் தோழியிடம் சொன்னால் போதும். குற்றம் முற்றிக் கொலையாகும்வரை காத்திராமல், முதல் கெட்ட வார்த்தையிலேயே மணி அடிக்க வழி பிறந்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது மனிதர் வேலை. ஆலையை நடத்துகிறவர் ஒரு நாள் தம் நாற்காலியை விட்டு எழுந்து, ஷிப்டு முடியும் நேரத்தில், கடைசிக் காண்ட்ராக்ட் தொழிலாளி நிற்கும் இடத்தில் போய் நிற்கட்டும். அங்கிருந்து கையை நீட்டிப் பார்க்கட்டும். கயிறு எட்டுகிறதா என்று அப்போது தெரியும்.