இரண்டு தெருவிலும் ஒரே வாக்கு

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. வேட்பாளர் நமக்குக் கொடுப்பதும் வாக்கு, நாம் அவருக்குப் போடுவதும் வாக்கு. பேச்சில் 'ஓட்டு' என்று சொல்லி இந்தக் குழப்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் தேர்தல் என்ற கொடுக்கல் வாங்கல் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பது தெரியும். ஒரு வாக்கு கொடுத்து ஒரு வாக்கு வாங்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், நாம் நம்முடையதை ஒரே நாளில் கொடுத்துவிடுகிறோம். அவருடையதை நிறைவேற்ற ஐந்து வருஷம் இருக்கிறது. இந்த இடைவெளிக்குப் பெயர்தான் நம்பிக்கை.

இந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்த ஒரு மக்களிடம் போய் "என்னை நம்புங்கள்" என்று கேட்க ஒரு வேட்பாளருக்கு எது தகுதி? எதைச் செய்தால் அந்த நம்பிக்கை வரும்? வரத்தான் வேண்டுமா? கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை.

எங்கள் பக்கத்தை வைத்தே பேசுகிறேன். எங்கள் பக்கம் என்றால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று ஜி.என்.டி. ரோட்டோடு ஆந்திர எல்லை வரை நீளும் பகுதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே ஷெட்டில், ஒரே ஷிப்டில் ஊர்க்காரரும் காலனிக்காரரும் பீகார் பையன்களும் நிற்கிறார்கள். இரும்புத் தூசி எல்லோர் மூக்கிலும் ஒரே மாதிரிதான் ஏறுகிறது. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊருக்கு ஒரு வழி, காலனிக்கு ஒரு வழி. நான் காலனி வழியில் நடப்பவன்.

இங்கே ஒரு வாக்காளர் இரண்டு விதமான தேர்தலைப் பார்க்கிறார். திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி 2009 முதல் தனித்தொகுதி. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அப்படி ஒதுக்கப்பட்ட ஏழில் ஒன்று. கும்மிடிப்பூண்டி சட்டமன்றத் தொகுதியோ பொதுத்தொகுதி. பக்கத்தில் இருக்கும் பொன்னேரி மறுபடி தனித்தொகுதி. பொதுத்தொகுதியில் பெரிய கட்சிகள் தலித் வேட்பாளரை நிறுத்துவது அரிது. அதனால் எங்கள் காலனிக்கு எம்.பி. தேர்தலில் 'நம்ம ஆள்' கும்பிட்டபடி வருவார். எம்.எல்.ஏ. தேர்தலில் பெரும்பாலும் 'அவங்க ஆள்' கும்பிட்டபடி வருவார்.

நம்ம ஆள் வரும்போது நம்பிக்கை தானாக வந்துவிடுமா என்றால், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 20 விழுக்காடு. எங்கள் மாவட்டத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். தனித்தொகுதியில் நிற்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆனால் அவரை ஜெயிக்க வைப்பது தொகுதியின் எல்லா வாக்காளர்களும்தான். ஆக, காலனிக்காகப் பேச வேண்டியவர், காலனிக்கு வெளியே இருப்பவர்கள் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டால்தான் ஜெயிக்க முடியும். இது எந்தத் தனி மனிதரின் கோழைத்தனமும் கிடையாது. அந்த நாற்காலியைச் செய்தபோதே அதன் கால் அப்படித்தான் செதுக்கப்பட்டது.

செதுக்கிய நாள் 1932 செப்டம்பர் 24. பிரிட்டிஷ் அரசு அந்த ஆகஸ்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அறிவித்திருந்தது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். அதன் முடிவில் வந்தது பூனா ஒப்பந்தம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு நின்று தனி வாக்காளர் தொகுதி கேட்ட இரட்டைமலை சீனிவாசனும், கூட்டுத் தொகுதியை ஆதரித்த எம்.சி.ராஜாவும் அதில் கையெழுத்திட்டார்கள். மாகாண சபைகளில் 148 இடங்கள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. தனி வாக்காளர் தொகுதி போய் கூட்டுத் தொகுதி வந்தது.

பள்ளிப் பாடத்தில் அநேகமாக இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து உண்டு. ஒவ்வொரு ஒதுக்கீட்டு இடத்துக்கும் முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நால்வரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் தேர்வார்கள். முதல் சல்லடை காலனியின் கையில், இரண்டாவது சல்லடை எல்லோர் கையிலும். முதற்கட்டத் தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியவர் இறுதியில் தோற்கலாம், நான்காவதாக வந்தவர் ஜெயிக்கலாம் என்ற ஓட்டை அதிலேயே இருந்தது. ஆனாலும் அதில் ஒரு நல்லது இருந்தது. வேட்பாளர் முதலில் எங்களிடம் வந்து, எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் அந்த முதல் சல்லடை இல்லை. இப்போது வேட்பாளரைச் சலிப்பது கட்சித் தலைமை. பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டான 1982இல் கன்ஷிராம் எழுதிய 'சம்சா யுகம்' என்ற நூலின் கோபம் இங்கிருந்து கிளம்பியதுதான்: இப்படி வருகிறவர்கள் தம் மக்களுக்குப் பிரதிநிதியாக இருப்பார்களா, அனுப்பியவர்களுக்குக் கைக்கருவியாக இருப்பார்களா?

நாம் இழந்த அந்த முதற்கட்டத் தேர்தல் அமெரிக்காவில் வேறு வடிவத்தில் இன்றும் நடக்கிறது. அதிபர் வேட்பாளராக விரும்புகிறவர்கள் மாநிலம் மாநிலமாகத் தங்கள் கட்சிக்குள்ளேயே போட்டியிடுகிறார்கள். தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அங்கே நடந்த இரண்டு சம்பவங்கள் நம்பிக்கையைப் பற்றி எனக்கு நிறையச் சொல்கின்றன.

2020இல் ஜோ பைடன் முதல் மூன்று மாநிலங்களில் தோற்றுவிட்டு அங்கே வந்தார். அந்த மாநிலத்தின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பிப்ரவரி 26 அன்று அவரை ஆதரித்தார். 29ஆம் தேதி பைடன் பெரிய வெற்றி பெற்றார். கிளைபர்ன் சொன்னதன் சாரம், இவரை நமக்குத் தெரியும் என்பதோடு, இவருக்கு நம்மைத் தெரியும் என்பதும். புதிதாக வந்து அழகாகப் பேசுகிறவரைவிட, குறைகளோடு ரொம்ப நாளாகப் பழகியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிபட்ட மக்களுக்குப் பழக்கமும் ஒரு பாதுகாப்பு.

2008 இதைவிடச் சிக்கலானது. தொடக்கத்தில் கறுப்பின வாக்காளர்களில் பலர் ஒபாமாவின் பக்கம் வரவில்லை, ஹிலாரி கிளிண்டனோடு இருந்தார்கள். ஜனவரி 3 அன்று வெள்ளையர்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் அயோவாவில் ஒபாமா ஜெயித்தார். அதன் பிறகு காற்று மாறியது. ஜனவரி 26 அன்று தென் கரோலினாவின் கறுப்பின மக்கள் பெருவாரியாக அவருக்கு வாக்களித்தார்கள். இடையில் இருந்த மூன்று வாரத்தில் ஒபாமா மாறிவிடவில்லை. 'மற்றவர்களும் இவருக்குப் போடுவார்கள்' என்பது தெரிந்ததுதான் மாற்றம். சிறுபான்மையாக இருப்பவர் ஒரு வேட்பாளரை நம்பும்போது அந்த வேட்பாளரை மட்டும் நம்புவதில்லை. பக்கத்துத் தெருவையும் சேர்த்துத்தான் நம்புகிறார், அல்லது நம்பாமல் இருக்கிறார்.

சரி, எங்கள் காலனிக்கு வரும் வேட்பாளர் என்ன செய்கிறார்? அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறார். ஆரத்தித் தட்டில் காசு விழுகிறது. யாராவது ஒரு வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறார், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார், போட்டோ எடுக்கிறார்கள். இதையெல்லாம் நான் கிண்டல் செய்ய மாட்டேன். காலனிக்குள் செருப்போடு வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனவர்களைப் பார்த்த பாட்டிகளுக்கு, உள்ளே வந்து டம்ளரை வாங்கிக் குடிப்பது ஒன்றும் சாதாரண விஷயம் இல்லை. ஆனால் இதில் வேட்பாளருக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. நஷ்டம் இல்லாமல் செய்யும் காரியத்தை வைத்து ஒருவரின் நம்பகத்தை எப்படி அளப்பது?

அனெட் பேயர் என்ற தத்துவவாதி 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் நம்புவதையும் எதிர்பார்ப்பதையும் பிரித்துக் காட்டுகிறார். ஒன்றை எதிர்பார்த்து அது நடக்காவிட்டால் நமக்கு ஏமாற்றம் வரும். ஒருவரை நம்பி அவர் கைவிட்டால் வருவது துரோகம் செய்யப்பட்ட உணர்வு. மின்விசிறி ஓடவில்லையென்றால் எரிச்சல் வரும், துரோகம் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கம் ஜெயித்த வேட்பாளர் திரும்பி வராதபோது ஜனங்கள் சொல்வதைக் கவனித்திருக்கிறேன். "தெரிஞ்சதுதானே" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் கோபம் இல்லை என்று அரசியல்வாதிகள் சந்தோஷப்படலாம். எனக்கு அது பயமாக இருக்கிறது. கோபம் வருகிற இடத்தில் நம்பிக்கை இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். "தெரிஞ்சதுதானே" என்றால் வேட்பாளரை மனிதராகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மின்விசிறியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதை ஒருமுறை எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் பேசினேன். சிப்காட்டில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர். அவர் சிரித்தார். "நம்பிக்கையா? ஓட்டுப் போடுறது வேற, நம்புறது வேற தம்பி. போன எலெக்சன்ல ரோடு கேட்டோம், பாதி வந்துது. இந்த எலெக்சன்ல மீதி கேப்போம். நம்பிட்டா கேக்க மாட்டோம்ல?" என்றார்.

கடைசி வரி என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. அவர் சொல்வது ஒரு முழுமையான அரசியல். ஓட்டு ஒரு பேரப் பொருள். சந்தேகம் அதற்குக் காவல். கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பல வருஷமாக வாழ்கிறவர்களுக்கு ஓட்டு கிடையாது. எந்த வேட்பாளரும் அங்கே போய் யாருடைய நம்பிக்கையையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆக, வேட்பாளரை வரவைப்பது ஓட்டுதான், அன்பு இல்லை. இந்த அளவுக்கு அக்கா சொல்வது சரி. காலனிக்காரர்கள் யாரையும் நம்பக் கடமைப்பட்டவர்கள் இல்லை. நம்ப மறுப்பதும் ஒரு உரிமை.

ஆனால் பேரம் பேசி வாங்கக்கூடிய பொருட்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ரோடு வாங்கலாம், போர்வெல் வாங்கலாம், ஹைமாஸ் விளக்கு வாங்கலாம். மரியாதையை எப்படி வாங்குவது?

இரண்டு சம்பவங்கள், இரண்டும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில். ஆத்துப்பாக்கம் ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமிர்தம், தலித் பெண். 2020 சுதந்திர தினத்தன்று அவர் தேசியக் கொடியை ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானதும், ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நின்ற பிறகு, அவர் கொடியேற்றினார். இன்னொன்று தோக்கமூர். தலித் மக்களின் வழியை மறித்துப் பல ஆண்டுகள் நின்ற சுவரை, தொடர்ந்த போராட்டத்துக்குப் பிறகு, 2022இல் அதிகாரிகள் இடித்தார்கள். அந்தச் சுவர் நின்ற காலத்தில் 2019 நாடாளுமன்றத் தேர்தலும் 2021 சட்டமன்றத் தேர்தலும் வந்து போயின.

அந்தச் சுவரை வைத்து யோசித்துப் பாருங்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் ஓட்டு இருக்கிறது, அந்தப் பக்கமும் ஓட்டு இருக்கிறது. ஒரு வேட்பாளர் இந்தப் பக்கம் வந்து "இது அநியாயம், ஜெயிச்சதும் பாத்துக்கலாம்" என்று சொல்வது எளிது. சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவர் என்ன சொல்கிறார் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் நம்பிக்கையைக் கட்டும் இடம் எங்கள் தெரு இல்லை. நாங்கள் இல்லாத தெருவில், எங்களைப் பற்றிப் பேசும்போதுதான் அது கட்டப்படுகிறது. அங்கே அவருக்கு நஷ்டம் வர வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

"ஜெயிச்சாத்தானே எதாவது செய்ய முடியும்? அங்கே போய்ச் சுவரைப் பற்றிப் பேசினால் தோற்றுப்போவார். அப்புறம் யாருக்கு என்ன லாபம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனசில்லை. வேட்பாளர் ஒவ்வொரு தெருவிலும் எல்லாவற்றையும் உரக்கப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மௌனத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, சொல்ல வேண்டிய நேரத்துக்காகக் காத்திருப்பது. இன்னொன்று, இந்தத் தெருவில் சொன்னதற்கு நேர் எதிரானதை அந்தத் தெருவில் தலையாட்டி ஒப்புக்கொள்வது. முதலாவதை எங்களால் புரிந்துகொள்ள முடியும், நாங்களே வேலை செய்யும் இடத்தில் தினம் செய்வதுதான். இரண்டாவது பொய். தவிர, ஓட்டுக்காக இன்று வாயை மூடுகிறவருக்கு ஜெயித்த மறுநாளும் அதே கணக்குதான் இருக்கும். அடுத்த தேர்தல் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

வாக்காளருக்கும் இதில் ஆபத்து உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டு ரகசியம்தான், ஆனால் பூத் வாரியான எண்ணிக்கை வெளியாகிறது. காலனிக்கென்று தனி பூத் இருக்கும் ஊர்களில் 'அந்த பூத்' யாருக்குப் போட்டது என்று மறுநாளே எல்லோருக்கும் தெரியும். 2024இல் எங்கள் தொகுதியில் சசிகாந்த் செந்தில் 5.7 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவ்வளவு பெரிய எண்ணில் கூட்டணி இருக்கிறது, கோபம் இருக்கிறது, சின்னம் இருக்கிறது. யார் யாரை நம்பினார்கள் என்பதை மட்டும் அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. வாக்கு எண்ணப்படும், நம்பிக்கை எண்ணப்படுவதில்லை.

இப்போது அயோவாவுக்குத் திரும்பலாம். அங்கே கறுப்பின மக்களின் நம்பிக்கை வளரக் காரணமாக இருந்தவர்கள் அவர்கள் இல்லை. தங்கள் ஊரில் ஒபாமாவுக்கு வாக்களித்த வெள்ளையர்கள். அதே மாதிரி எங்கள் காலனியின் நம்பிக்கையும் ஊர்த்தெருவில் யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. வேட்பாளர் ஏன் கோழையாக இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவரைக் கோழையாக்கும் கூட்டத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. கொடிக்கயிற்றை ஒரு தலித் தலைவர் தொடக் கூடாது என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் பெரும்பான்மை என்று நான் நினைக்கவில்லை. பெரும்பான்மை சும்மா இருப்பவர்கள். வேட்பாளர் அந்தச் சும்மாவைத்தான் எதிர்ப்பு என்று தப்பாகக் கணக்குப் போடுகிறார், பிறகு எங்களிடம் வந்து மெல்லிய குரலில் பேசுகிறார்.

இதைப் படிப்பவர்களில் ஊர்த்தெருவில் பிறந்தவர்களும் இருப்பீர்கள். அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது தண்ணீர் வசதி கேளுங்கள், பஸ் கேளுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: "காலனியில என்ன சொல்லிட்டு வந்தீங்க? அதையே இங்கேயும் ஒருமுறை சொல்லுங்க." அவர் சொன்னால், எழுந்து போகாமல் கேளுங்கள். எங்கள் தெருவில் நாங்கள் எவ்வளவு கேட்டும் கிடைக்காத ஒரு பதில், உங்கள் தெருவில் நீங்கள் ஒருமுறை கேட்டால் கிடைத்துவிடும்.