சாட்சி சொல்லும் கடமை



உலகில் எங்கேனும் முஸ்லிம் பெயர் தாங்கிய ஒருவன் குண்டு வைத்துவிட்டால், மறுநாள் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர், "உங்கள் ஆட்கள் இதைக் கண்டிக்க மாட்டார்களா?" என்று கேட்டுவிடுகின்றார். நம்மிடம் பதில் இல்லாமலில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் தெரிவதில்லை. பம்பாயிலிருந்து தொடங்குவோம்.

2008 நவம்பர் 26-இல் அந்நகருக்குள் புகுந்த பத்துப் பேர் 166 உயிர்களைப் பறித்தார்கள். மாண்டவர்களில் முஸ்லிம்களும் பலர். கொலைகாரர்களில் ஒன்பது பேர் அங்கேயே கொல்லப்பட்டனர். அவர்களை அடக்க ஓரடி மண்ணும் தரமாட்டோமென, மெரீன் லைன்ஸ் பகுதியின் பெரிய கபுறுஸ்தானை நிருவகிக்கும் ஜும்ஆ மஸ்ஜித் டிரஸ்டார் அறிவித்துவிட்டனர். அவ்வுடல்கள் ஓராண்டுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசாங்கத்தார் அவற்றை ரகசியமாக அடக்கினர். 2019 ஏப்ரல் 21-இல் இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் மடிந்தபோது, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அக்கொலைஞர்களின் மையித்துகளை ஏற்க மறுத்தது. அக்கூட்டத்தின் தலைவன் நம்மைப் போலவே தமிழ் பேசும் காத்தான்குடிக்காரன் என்பதை நினைக்க நெஞ்சு வலிக்கின்றது.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. எவ்வளவு பெரிய பாவியாயினும் ஒரு முஸ்லிமின் மையித்தைக் குளிப்பாட்டி, தொழுவித்து, அடக்குவது ஊரார் மீது பர்ளு கிபாயா அல்லவா? ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளில் பொதுவாகத் தற்கொலை செய்தவனுக்கும் சட்டம் இதுதான். ஆயினும் தன்னைத் தானே மாய்த்துக்கொண்ட ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாமே ஜனாஸாத் தொழவில்லை என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பிறர் அச்செயலுக்கு அஞ்சவேண்டும் என்பதே அதன் நோக்கமென இமாம்கள் விளக்கியுள்ளனர். பம்பாயாரின் மறுப்பையும் இவ்வகையில் கொள்வதே பொருத்தம். "அவர்கள் முஸ்லிம்களே அல்லர்" என்று சொல்லிக் கை கழுவுவது எளிதுதான். ஆனால் பிறரைக் காபிர் என்று தீர்ப்பளிப்பதுதானே அந்தக் கூட்டத்தாரின் ஆயுதம்? அதை நாமும் கையிலெடுக்க வேண்டுவதில்லை.

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் காலத்தில் கவாரிஜ்கள் என்றொரு கூட்டம் கிளம்பியது. தொழுகையிலும் ஓதலிலும் அவர்களுக்கு நிகரில்லை. ஆயினும் தம்மோடு இணங்காத முஸ்லிமின் இரத்தத்தை ஆகுமானதாக்கிக்கொண்டார்கள். அவர்களிடம் வாதிட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தனியே சென்றார்கள். நேர்த்தியான யமன் ஆடை உடுத்திப் போனார்களாம். அதையே முதற்குறையாகச் சொன்னது அக்கூட்டம்! அவர்கள் பொறுமையிழக்காமல், "கலீபாவின் மீது உங்கள் குறைகள் யாவை?" என்று கேட்டு, மூன்றையும் காதால் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் திருமறையிலிருந்தும் நபிவழியிலிருந்தும் விடை சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் மனந்திரும்பினார்கள். திரும்பாதவர்களில் ஒருவனே ஹிஜ்ரி 40-இல் அலீ (ரலி) அவர்களை வெட்டியவன்.

சிங்கப்பூரில் 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியாக் கூட்டத்தார் பிடிபட்டபோது இவ்வழியே கையாளப்பெற்றது. உஸ்தாஸ் அலீ ஹாஜி முஹம்மது, உஸ்தாஸ் ஹஸ்பி ஹசன் ஆகிய இருவரும் முன்னின்று 2003-இல் சமய மறுவாழ்வுக் குழுவை அமைத்தனர். உஸ்தாஸ்மார்கள் ஊதியமின்றிச் சிறைக்குச் சென்று, கைதிகளின் எதிரே அமர்ந்து, ஜிஹாத் என்றும் பைஅத் என்றும் அவர்கள் கற்றுக்கொண்டதை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினர். பத்திரிகை அறிக்கைகள் நூற்றைவிட இந்த ஒரு வேலை கனமானது என்பது நமது கருத்து.

ஆனால் பிடிபடுமுன் பேசுவது யார்? இலங்கையின் மாவனெல்லையில் 2018 டிசம்பரில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர்களைக் கண்டறியப் போலீசுக்குத் துணைநின்ற முஸ்லிம் சகோதரர் ஒருவர், 2019 மார்ச்சில் தம் வீட்டில் உறங்கும்போது தலையில் சுடப்பட்டார். உயிர் தப்பினார், உடல் முடங்கியது. ஈஸ்டர் கொலைகளுக்குப் பின் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்களைக் காட்டிக்கொடுத்ததும் அவ்வூர் முஸ்லிம்களே. "சொந்த ஜமாஅத்தைக் காட்டிக்கொடுப்பதா?" என்போர் அன்னிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனத்தை ஓதிப் பார்க்கட்டும். நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி நிற்கவேண்டும் என்றே இறைவன் அதில் பணிக்கின்றான்.

வர்த்தகர்களாகிய நமக்குத் தனியே ஒரு விஷயமுண்டு. ஒரு மூட்டை வெங்காயம் வாங்குவதற்கு நான்கு இடத்தில் விலை கேட்கும் நாம், "அகதிகளுக்கு உதவி" என்று முன்பின் அறியாதவர் வந்து நின்றால் கல்லாவைத் திறந்து அள்ளிக் கொடுப்பது எவ்வகையில் சரியாகும்? பணம் எங்கே போகின்றது, ரசீது உண்டா, பொறுப்பாளர் யார் என்று கேட்பதால் தர்மத்தின் நன்மை குறையாது. பயங்கரவாதத்துக்குப் பணம் சேர்ப்பதைத் தடுக்க 2002-ஆம் ஆண்டுச் சட்டமே சிங்கப்பூரில் இருக்கின்றது. கடையில் வேலை பார்க்கும் பையன் இரவெல்லாம் கைப்பேசியில் ஆத்திரமூட்டும் பிரசங்கங்களையே கேட்டுக்கொண்டிருந்தால், அவனைத் திட்டி ஊருக்கு அனுப்புமுன் ஒருமுறை உட்காரவைத்துப் பேசுங்கள். நம்மால் பதில் சொல்ல முடியாத கேள்வியை அவன் கேட்டால், கேலாங் சாலையிலுள்ள கதீஜா பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். இத்தகைய கேள்விகளுக்கென்றே மேற்படி குழுவினர் 2014-இல் அங்கு ஓர் ஆலோசனை நிலையம் திறந்தனர்.